கழுத்தில் மாலை இருக்கும்வரை

நவம்பர் 9

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பஸ் ஓட்டுகிறவனுக்கு டைரி எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். "ஆசை எப்ப வருது, எங்க நிக்கும்போது வருது, எல்லாத்தையும் எழுதுங்க பூமிநாதன். இதையும் ஒரு மருந்துன்னு நெனச்சுக்கங்க" என்றார்.

என் வியாதியின் பெயர் வாயில் நுழையவில்லை. புகையினால் கால் ரத்தக்குழாய்கள் அடைத்துப்போகிற வியாதி. வலது கால் சுண்டுவிரலைப் போன மாதம் எடுத்துவிட்டார்கள். பாதத்தில் பாதி மரத்துக் கிடக்கிறது. இதற்கு மேலும் சிகரெட் குடித்தால் எதுவரை எடுக்க வேண்டி வரும் என்பதை டாக்டரம்மா தன் காலிலேயே தொட்டுக் காட்டினார். முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால். விட்டுவிட்டால் கால் நிற்கும். வேறு பெரிய வைத்தியம் கிடையாதாம்.

ஆசை எப்போது வருகிறது: எழுந்ததும். டீ குடித்ததும். சாப்பிட்டதும். பஸ் ஸ்டாண்டு வளைவு கண்ணில் பட்டதும். யாராவது தீப்பெட்டியை உரசினால். யாரும் உரசாவிட்டாலும். வராத நேரத்தை எழுதச் சொல்லியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

நவம்பர் 12

டிப்போவில் லேசான வேலை கொடுத்துவிட்டார்கள். ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளர் கூண்டில் உட்கார்ந்து வருகிற வண்டி, போகிற வண்டி நேரம் எழுத வேண்டும். கூண்டுக்கு வலப்பக்கம் மீரான் பாயின் டீக்கடை. இடப்பக்கம் பெட்டிக்கடை. ஒவ்வொரு டிரைவரும் வண்டியை நிறுத்திவிட்டு என் ஜன்னலில் சாய்ந்துதான் பற்றவைக்கிறான். பூனையைத் தயிர்ச்சட்டிக்குக் காவல் வைத்திருக்கிறார்கள்.

பாக்கியத்திடம் குடிக்கவில்லை என்று சொன்னேன். அவள் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் துவைக்கப் போட்டாள்.

நவம்பர் 17

கார்த்திகை முதல் தேதி. விடியற்காலை குருசாமி நாகரத்தினம் கையால் மாலை போட்டுக்கொண்டேன். வருடா வருடம் போடுகிறதுதான். நேற்று சாயங்காலம் கடைசியாக ஒன்று குடித்தேன். இதை டாக்டரம்மா படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்திருப்பதால், செருப்புக்கு மட்டும் குருசாமியிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன்.

ஆசை: இல்லை.

நவம்பர் 26

ஆசை: இல்லை. மீரான் பாய் கடையில் சுக்குக் காப்பி. நாலு டிரைவர்கள் ஜன்னலில் நின்று ஊதினார்கள். புகை நேராக என் முகத்துக்கு வந்தது. ஒன்றும் தோன்றவில்லை. ஒருவன் "மன்னிச்சுக்கங்க சாமி" என்று தள்ளிப் போனான்.

டிசம்பர் 7

டாக்டரம்மா டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு நம்பவில்லை. மாலையைக் காட்டினேன். வருடா வருடம் மாலை போட்ட நாளிலிருந்து கழற்றுகிற நாள்வரை ஆசையே வராது, மலையிலிருந்து இறங்கிக் கழற்றின நிமிடம் கை பாக்கெட்டைத் தேடும் என்று சொன்னேன்.

"பஸ் ஓட்டிக்கிட்டு இருக்கும்போது வருமா?"

"வராதும்மா. ஸ்டியரிங்ல உக்காந்தா மதுரை வரைக்கும் ஞாபகமே இருக்காது. ஸ்டாண்டு வளைவத் தாண்டும்போது உசுரு போயிரும்."

அவர் சிரித்தார். "உடம்பு கேக்குறது கொஞ்சந்தான். கிடைக்காதுன்னு தெரிஞ்ச இடத்துல மனசு கேக்குறதில்ல. கிடைக்கும்னு தெரிஞ்ச இடம் வந்தா விடாது. உங்களுக்கு மாலைதான் இப்ப ஸ்டியரிங். அதக் கழட்டுற அன்னிக்கு ஸ்டாண்டு வந்துரும். அதுக்கு இப்பவே தயாராகிக்கங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். படித்தவர்கள் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். கழற்றினால்தானே ஸ்டாண்டு வரும்.

ஜனவரி 3

எங்கள் குழு மலைக்குக் கிளம்பியது. எனக்கு ஏற்றம் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. டோலியில் போகலாமே என்றார் குருசாமி. வேண்டாம் என்றேன். வேன் கிளம்பும்போது எல்லோரும் சரணம் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஜனவரி 8

போனவர்கள் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் கோயிலில் மாலை கழற்றினார் குருசாமி. என்னையும் கூப்பிட்டார்.

"இங்கனயே நெய் அபிஷேகம் பண்ணிக் கழட்டிரலாம் சாமி. ஒண்ணும் குத்தம் வராது."

"மலை ஏறாமக் கழட்ட மனசு வரல சாமி" என்றேன்.

"அப்ப எப்பத்தேன் ஏறுறது?"

"கால் சரியாகட்டும்."

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு பாக்கியத்தைப் பார்த்தார். அவள் தேங்காய் மூடிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கோயிலுக்கு வெளியே ஐந்தாறு பேர் வட்டமாக நின்று பற்றவைத்தார்கள். நான் அவர்களைக் கடந்துதான் வந்தேன். ஆசை: இல்லை.

ஜனவரி 22

தை பிறந்து வாரமாகிறது. தாடி அடர்ந்துவிட்டது. பாக்கியம் இன்னும் விடியுமுன் குளித்துத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். எனக்குக் கூடத்தில் பாய், அவளுக்கு அடுக்களையை ஒட்டின அறை. மீன்காரம்மா எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டாள்.

பிப்ரவரி 11

அந்த மூன்று நாட்களுக்குப் பாக்கியம் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மாலை போட்ட வீட்டில் இருக்கக் கூடாது என்பது வழக்கம். நானே கஞ்சி வைத்துக்கொண்டேன். உப்பு போட மறந்தது பாதி குடித்த பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 14

பாக்கியம் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள்.

"கார்த்திகை மார்கழின்னா சரி. ஊருக்கே உள்ளது. மாசியிலயும் பங்குனியிலயும் துணிப்பையத் தூக்கிக்கிட்டு எங்கக்கா வீட்டு வாசல்ல போயி நிக்கணுமா சாமி? அந்த வீட்டு மாமா கேக்குறாரு, ஒம் புருசன் சாமியாராப் போயிட்டாரான்னு."

பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்தக் கால நெனச்சா வரல. போட்டுக்கிட்டே இருங்கன்னு சொல்லவும் முடியல. நான் என்னதேன் சொல்ல?"

பிறகு உள்ளே போய்ச் சமைத்தாள். வாழைப்பூப் பொரியல், மோர்க்குழம்பு. மோர்க்குழம்பு நன்றாக இருந்தது.

ஆசை: இல்லை. எந்த ஆசையும் இல்லை என்றுதான் எழுத வேண்டும். டாக்டரம்மா மற்றதைக் கேட்கவில்லை.

மார்ச் 2

தம்பி திருமேனி போன் செய்தான். ஊரில் அப்பா அவனோடுதான் இருக்கிறார். மூச்சு வாங்குகிறதாம், படுத்துவிட்டாராம். அப்பாவின் தலைமாட்டில் எப்போதும் பீடிக்கட்டு இருக்கும். அந்த வீட்டுச் சுவரே பீடி வாசம் அடிக்கும். மாலை போட்ட சாமி அங்கே போய் எப்படி உட்காருவது. டூட்டி இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன்.

மார்ச் 9

கூண்டில் வேலை அதிகம். திருவிழா சிறப்புப் பஸ்கள்.

மார்ச் 15

குளித்துவிட்டு வந்தபோது தரையில் நான் நடந்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. பாக்கியம்தான் பார்த்தாள். என்னை உட்காரவைத்துக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். குதிகாலில் நகம் அளவுக்குக் கண்ணாடித் துண்டு. எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது. அவள் ஊசியால் நெம்பினாள். எடுத்துக் காட்டினாள். எடுத்ததும் எனக்குத் தெரியவில்லை.

மருந்து வைத்துக் கட்டிய பிறகும் அவள் காலை இறக்கிவைக்கவில்லை. குனிந்தே இருந்தாள். பாதத்தின் மேல் சொட்டு விழுந்தது. பார்த்ததால் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் தெரிந்திருக்காது.

"சாமி காலத் தொட்டா புண்ணியம்ல" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மார்ச் 28

திருமேனி மறுபடி போன். "அப்பா ஒன்னயத்தேன் கேக்குறாருண்ணே. நீ வந்தா பீடிய ஒளிச்சு வைக்கச் சொல்லிட்டாரு. மாலை போட்ட புள்ள வாரான், வீட்டக் கழுவி விடுங்கடாங்குறாரு. வீட்டக் கழுவியாச்சு. எப்ப வார?"

ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

மார்ச் 31

ஞாயிறு போக முடியவில்லை. மாற்றாள் வரவில்லை. பாக்கியம் மட்டும் போய் வந்தாள். என் ஜன்னலுக்கு எதிரே நின்றுதான் ஊர் பஸ் ஏறினாள். அரை மணி நேரப் பயணம். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அந்த பஸ் கிளம்பின நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 10

மீரான் பாய் டீ ஆற்றிக்கொண்டே கேட்டார். "சாமி, தகப்பனாருக்கு முடியலியாமே, போய்ப் பாக்கலியா?"

"போகணும் பாய்."

"போயிருங்க. அப்புறம் மாலையக் கழட்டுற மாதிரி ஆகிறப் போகுது."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். டீ சூடாக இருந்தது, நாக்கைச் சுட்டுக்கொண்டேன். இன்று கணக்கில் இரண்டு வண்டிகளின் நேரத்தை மாற்றி எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 18

அப்பா காலையில் தவறிவிட்டார்.

திருமேனி போனில் அழுதான். நான் சரி, சரி என்றேன். போனை வைத்ததும் முதலில் மனதுக்குள் வந்தது இதுதான்: தீட்டு. மாலை கழற்ற வேண்டும். தகப்பன் செத்தால் தலைத்திவசம் வரைக்கும், முழுசாக ஒரு வருடத்துக்கு, மாலை போட முடியாது. அப்பா முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்த வரிசையிலேயே எழுதிவிட்டேன்.

பாக்கியம்தான் கழற்றினாள். குருசாமி வெளியூர் போயிருக்கிறார். மணியைத் தாடியில் சிக்காமல் மெதுவாக எடுத்துச் சாமி படத்தின்மேல் போட்டாள். பிறகு என் கழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அத்தனை மாதமும் வெயில் படாத இடத்தில் வெள்ளையாகத் தடம் இருந்ததாம். விரலால் தொட்டாள். "கிளம்புங்க" என்றாள். சாமி என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 19

எல்லாம் முடிந்தது. தாடியும் தலையும் மழித்தார்கள். மூத்த மகன் என்பதால் நான்தான் கொள்ளி வைத்தேன்.

சாவு வீட்டு வாசலில், பந்தலுக்கு அடியில், ஒரு தாம்பாளம் இருந்தது. எல்லாச் சாவு வீட்டிலும் இருப்பதுதான். வெற்றிலை, பாக்கு, சிகரெட் பாக்கெட், பிரித்துப் போட்ட பீடிக்கட்டு, தீப்பெட்டி. வருகிறவர்கள் கை கொடுத்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே தாம்பாளம். கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். வெறும் கழுத்து.

டாக்டரம்மா சொன்ன ஸ்டாண்டு வந்துவிட்டது. இத்தனை மாதம் எங்கே போய் உட்கார்ந்திருந்ததோ தெரியவில்லை. ஒன்றுகூடக் குறையாமல் வந்தது. வாயெல்லாம் எச்சில் ஊறியது. உள்ளே அப்பா கிடக்கிறார், பெண்கள் மாரடித்து அழுகிறார்கள், எனக்கு அந்தத் தீப்பெட்டிமேல்தான் கண். அழுகை வரவில்லை. அழாமல் நிற்கிறானே, எவ்வளவு திடம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

குடிக்கவில்லை. கொள்ளி வைக்கிறவனிடம் யாரும் நீட்டவும் இல்லை.

ஏப்ரல் 20

பாக்கியம் துவைக்கும்போது என் வேட்டி மடிப்பில் இரண்டு பீடி இருந்ததாம். ஈரத்தில் ஊறிப் போயிருந்தன. சுடுகாட்டில் கூட்டம், யார் சொருகினார்களோ தெரியாது. அவள் அவற்றைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் துணியைத் தொடர்ந்து துவைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 27

துக்கத்துக்கு விடுப்பு. கருமாதி முடியும்வரை ஊரில்தான். காலையில் எழுந்ததும் வருகிறது. டீ குடித்ததும் வருகிறது. அப்பாவின் கட்டிலைத் தாண்டும்போதெல்லாம் வருகிறது. கட்டிலை வெளியே போட்டுக் கழுவியும் வாசம் போகவில்லை. கொல்லைப்பக்கம் போய் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். பின்னாலேயே பாக்கியம் வருவது தெரிகிறது. விறகு எடுக்க வந்தவள்போல ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறாள். அடுப்படியில் விறகு மலையாகக் குவிந்து கிடக்கிறது.

மே 3

கருமாதி.

நடு வீட்டில் படையல். அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைத்தார்கள். கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, முறுக்கு, ஒரு கிளாஸில் சாராயம். சித்தப்பா இலை ஓரத்தில் ஒரு பீடிக்கட்டை வைத்துவிட்டு, அதிலிருந்து ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார்.

"பத்த வச்சு இலையில வையிப்பா. மூத்த மகன்தேன் வைக்கணும்."

வாங்கிக்கொண்டேன். தீக்குச்சியைக் கிழித்துப் பீடியைக் கையில் பிடித்தபடியே நுனியைத் தீயில் காட்டினேன். பீடியின் இலை கருகியது, தீ பிடிக்கவில்லை. மறுபடி காட்டினேன். லேசாகப் புகைந்து அணைந்தது.

"என்னடா வெளையாடுற" என்றார் சித்தப்பா. "வாயில வச்சு இழுத்துப் பத்த வையி. எங்கண்ணன் என்னிக்காச்சும் அணைஞ்ச பீடியக் கையில வாங்கியிருக்காரா? கடைசியா ஒண்ணு கேக்குறாரு, அதயும் ஒழுங்காக் குடுக்க மாட்டியா?"

"நான் வைக்கிறேன் சித்தப்பா" என்றான் திருமேனி.

"நீ மூத்தவனா?"

சொந்தம் முழுக்க நின்றுகொண்டிருந்தது. அப்பாவின் படம் எனக்கு நேராக இருந்தது. வீட்டைக் கழுவிவிட்டு அவர் எனக்காகக் காத்திருந்த நாட்களெல்லாம் அப்போதுதான் என் முன்னால் வந்து நின்றன. ஒரே ஒரு இழுப்பு. அப்பாவுக்காகத்தானே. யார் குற்றம் சொல்வார்கள். பீடியை உதட்டில் வைத்தேன். அந்த இலையின் காரல் நாக்கில் பட்டதும் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. இல்லாத சுண்டுவிரல்கூட அரித்தது. இதை எழுதும்போதும் எச்சில் ஊறுகிறது. பொய் எழுத இன்றைக்குத் தெம்பில்லை. தீக்குச்சியைக் கிழித்து வாயருகே கொண்டுபோனேன்.

பாக்கியம் அடுக்களையிலிருந்து வந்தாள். கையெல்லாம் கருவாட்டுக் குழம்பு வாசம். என் உதட்டிலிருந்து பீடியை எடுத்தாள். தன் வாயில் வைத்துக்கொண்டாள். என் கையில் இருந்த குச்சியை அப்படியே பிடித்துக் குனிந்து இழுத்தாள். நுனி கனிந்தது. புகை உள்ளே போய் இருமல் வந்து, கண் தளும்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விடவில்லை. இன்னொரு முறை இழுத்து நன்றாகக் கனியவிட்டு, இலையில் வைத்துக் கும்பிட்டாள்.

பிறகு நிமிர்ந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மூத்த மருமகளும் மூத்தவதேன மாமா" என்றாள் சித்தப்பாவிடம். குரல் கரகரத்தது. "என்னயக் கட்டிக் குடுத்தப்ப இந்த வீட்டுல எல்லாத்துலயும் பாதின்னுதான சொன்னீங்க."

சித்தப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி சரி, கதவச் சாத்துங்க. அண்ணன் சாப்பிடட்டும்."

படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் சிறிது நேரம் வெளியே நிற்பது வழக்கம். செத்தவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாராம். நின்றோம். கதவிடுக்கு வழியாகப் பீடிப்புகை வந்தது. அப்பா உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். பாக்கியம் நகர்ந்தாள்.

"தள்ளி நில்லுங்க. எம் வாயெல்லாம் நாறுது. ஒங்களுக்கு ஆகாது."

நான் தள்ளி நிற்கவில்லை.

"இன்னிக்கு நான் புடுங்கிட்டேன்" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "ஒவ்வொரு டீக்கடையிலயும் நான் வந்து புடுங்க முடியாது. எனக்கு ஒங்க கால்தேன் வேணும்னு இல்ல. நீங்க ரெண்டு காலோட சாமியா கூடத்துல படுத்துக் கிடந்தப்ப எனக்கு என்ன இருந்துச்சு?"

அப்போது வந்தது அழுகை. அப்பாவுக்கா, அவளுக்கா, கதவுக்கு உள்ளே எரிகிற பீடிக்கா, தெரியவில்லை. மூன்றுக்கும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்பாவுக்காக என்று நினைத்து என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். இத்தனை மாதமாக எனக்குள் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் இருந்திருக்கிறது. சிகரெட்டை மட்டும் தனியாக மரத்துப்போக வைக்கத் தெரியாமல் மொத்தத்தையும் மரத்துப்போக வைத்திருக்கிறேன்.

மே 5

இன்று டூட்டிக்குத் திரும்ப வேண்டிய நாள். விடியும்போதே விழித்துக்கொண்டேன். சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டேன், பிறகு மேல் பட்டனை அவிழ்த்துவிட்டேன்.

பாக்கியம் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். நேற்று வாங்கின மீன் வறுவல்.

"பயமா இருக்கு பாக்கியம்" என்றேன். அவளிடம் இப்படி ஒரு சொல் நான் சொன்னதே இல்லை.

அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குந்தேங்க."

அவ்வளவுதான் சொன்னாள். தைரியம் எதுவும் சொல்லவில்லை, சத்தியம் எதுவும் வாங்கவில்லை. டிபன் பாக்ஸை என் கையில் கொடுத்தாள். பிறகு நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.